மேஜிக் ஜான்சனும் ஸ்டெஃபன் கர்ரியும்: ஒரே பதவி, இரண்டு வேலை

2023 ஆகஸ்டில் ஒரு பேட்டியில் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கர்ரியிடம், எல்லாக் காலத்துக்கும் சிறந்த பாயின்ட் கார்டு நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். போட்டி என்று பார்த்தால் தனக்கும் 1980களின் நட்சத்திரம் மேஜிக் ஜான்சனுக்கும் இடையில்தான் என்பது போலவும் பேசினார். மேஜிக் சும்மா இருப்பாரா? தன் கோப்பைகளையும் விருதுகளையும் வரிசையாக எடுத்து வைத்து, இதைத் தாண்டிவிட்டு வரட்டும் என்கிற தொனியில் பதில் சொன்னார். அதன்பிறகு கர்ரி எந்த மைல்கல்லைத் தொட்டாலும் இந்தச் சண்டை மறுபடி கிளம்பிவிடுகிறது. 2025 மார்ச் 13 அன்று என்.பி.ஏ. (வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) வரலாற்றிலேயே முதல் ஆளாக அவர் 4,000 மூன்று புள்ளி ஷாட்களைத் தொட்டபோதும் கிளம்பியது.

எப்போதாவது மட்டும் கூடைப்பந்து பார்ப்பவருக்கு இது குழப்பமாகத்தான் இருக்கும். ஒருவர் பந்தைப் பிறருக்குக் கொடுத்தே பேர் வாங்கியவர். இன்னொருவர் பந்தைக் கூடைக்கு எறிந்தே பேர் வாங்கியவர். இருவரையும் ஒரே பதவிப் பெயரில் எப்படி ஒப்பிடுகிறார்கள்? ஒப்பிட்டால் எந்த எண்ணை நம்புவது, எதை ஒதுக்குவது? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பாயின்ட் கார்டு என்றால் யார்?

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் ஆடுகளத்தில் இருப்பார்கள். பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி, யார் எங்கே நிற்க வேண்டும், எந்தத் திட்டத்தை ஓட்ட வேண்டும் என்று முடிவு செய்பவர் பாயின்ட் கார்டு. என்.பி.ஏ.யில் ஒவ்வொரு முறையும் 24 விநாடிக்குள் ஷாட் போட்டாக வேண்டும். அந்த 24 விநாடியை எப்படிச் செலவழிப்பது என்பது பெரும்பாலும் இவர் கையில்தான் இருக்கும். வழக்கமாக அணியிலேயே உயரம் குறைந்தவர் இவர்தான்.

கட்டுரை முழுக்க வரப்போகும் சில சொற்களை இங்கேயே சொல்லிவிடலாம். ஒருவர் கொடுத்த பாஸில் இன்னொருவர் உடனே ஷாட் போட்டுப் புள்ளி எடுத்தால், பாஸ் கொடுத்தவர் கணக்கில் ஓர் அசிஸ்ட் ஏறும். தவறிய ஷாட் கூடையில் பட்டுத் திரும்பும்போது பந்தைப் பிடித்தால் அது ரீபவுண்ட். ஷாட் போடாமலேயே பந்தை எதிரணியிடம் பறிகொடுத்தால் டர்னோவர். தன் அணிக்காரருக்கு வழிவிட, அவரைத் துரத்தும் எதிராளியின் பாதையில் அசையாமல் நின்று மறிப்பது ஸ்கிரீன்.

பாயின்ட் கார்டை எடைபோட ரொம்ப காலமாக ஒரே ஒரு எண்தான் புழக்கத்தில் இருந்தது: ஆட்டத்துக்கு எத்தனை அசிஸ்ட். சண்டையின் வேர் அங்கேதான் இருக்கிறது. எப்படி என்று பிறகு பார்ப்போம்.

இருவரைப் பற்றிச் சுருக்கமாக

1. மேஜிக் ஜான்சன் 1959ல் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் பிறந்தவர். உயரம் 6 அடி 9 அங்குலம். அந்த உயரத்துக்காரர்களைக் கூடைக்குக் கீழே நிறுத்துவதுதான் அன்றைய வழக்கம். இவரோ பந்தைக் கொண்டுபோனார். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் 1979 தேர்வில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி முதல் ஆளாக இவரைத் தேர்ந்தெடுத்தது. ஐந்து கோப்பைகள் (1980, 1982, 1985, 1987, 1988), சீசனின் சிறந்த வீரர் விருது மூன்று முறை, இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது மூன்று முறை. ஆட்டத்துக்கு 19.5 புள்ளி, 11.2 அசிஸ்ட், 7.2 ரீபவுண்ட். அசிஸ்ட் சராசரியில் இன்றுவரை இவர்தான் முதலிடம். எச்.ஐ.வி. தொற்று இருப்பதை 1991 நவம்பர் 7 அன்று அறிவித்து ஓய்வு பெற்றார். 1995-96ல் திரும்பி வந்து 32 ஆட்டம் ஆடினார்.

2. ஸ்டெஃபன் கர்ரி 1988ல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் பிறந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம். 2009ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி இவரை ஏழாவது ஆளாக எடுத்தது. நான்கு கோப்பைகள் (2015, 2017, 2018, 2022), சீசனின் சிறந்த வீரர் விருது இரண்டு முறை, இறுதிச்சுற்று விருது ஒரு முறை. 2016ல் சிறந்த வீரர் விருதுக்கான வாக்குகள் ஒன்றுகூடப் பிசகாமல் அத்தனையும் இவருக்கே விழுந்தன. அப்படி விருது வாங்கியவர் என்.பி.ஏ. வரலாற்றில் இவர் ஒருவர்தான்.

ஒலிம்பிக் தங்கம் இருவரிடமும் உண்டு. மேஜிக் 1992 பார்சிலோனாவில் வாங்கினார், கர்ரி 2024 பாரிஸில்.

ஒரு கோடும் கொஞ்சம் கணக்கும்

கூடையிலிருந்து 23 அடி 9 அங்குலத்தில், மூலைகளில் மட்டும் 22 அடியில், ஒரு வளைகோடு இருக்கிறது. அதற்கு வெளியிலிருந்து போட்டால் மூன்று புள்ளி, உள்ளிருந்து போட்டால் இரண்டு. என்.பி.ஏ. இந்தக் கோட்டைக் கொண்டுவந்தது 1979-80 சீசனில். மேஜிக் என்.பி.ஏ.க்குள் நுழைந்ததும் அதே சீசனில்தான். ஆக, மேஜிக் காலத்தில் மூன்று புள்ளியே கிடையாது என்று சிலர் சொல்வது தப்பு. கோடு இருந்தது, யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, அவ்வளவுதான். அந்த முதல் சீசனில் ஓர் அணி ஆட்டத்துக்குச் சராசரியாக மூன்று முறைகூட அங்கிருந்து எறியவில்லை. மேஜிக் 1991ல் ஓய்வுபெறும்போதும் ஏழு முறைதான். கர்ரியின் 2015-16ல் அது 24 ஆகியிருந்தது. 2024-25ல் 37ஐத் தாண்டிவிட்டது.

ஏன் இத்தனை தாமதம்? கணக்கு எளிது. இரண்டு புள்ளி ஷாட்டை நூறு முறை போட்டுப் பாதி விழுந்தால் 100 புள்ளி. மூன்று புள்ளி ஷாட்டை நூறு முறை போட்டு மூன்றில் ஒன்று விழுந்தாலே அதே 100 வந்துவிடும். இது ஒன்றும் யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஆனால் 1980களின் பயிற்சியாளர்கள் வளர்ந்த காலத்தில் இந்தக் கோடே கிடையாது. கூடைக்கு எவ்வளவு பக்கத்தில் போகிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அவர்கள் படித்த பாடம். வீரர்களும் சின்ன வயதிலிருந்து அங்கிருந்து எறிந்து பழகியவர்கள் இல்லை. மேஜிக் தன் முதல் சீசனில் 31 முறை முயன்று 7 முறைதான் போட்டார்.

கர்ரி 2015-16 சீசனில் 886 முறை முயன்று 402 முறை போட்டார்: 45.4 சதவீதம். மேஜிக் தன் வாழ்நாளில் போட்ட மொத்த மூன்று புள்ளி ஷாட்களே 325தான். கர்ரியின் அந்த ஒரு சீசனைப் புள்ளியாக மாற்றினால், அவர் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த ஒவ்வொரு ஷாட்டுக்கும் 1.36 புள்ளி வருகிறது. இரண்டு புள்ளி ஷாட் மட்டுமே போடுபவர் இதை எட்ட வேண்டுமானால் நூற்றுக்கு 68 போட வேண்டும். கூடைக்குப் பக்கத்திலேயே நின்று பந்தை உள்ளே திணிக்கும் (டங்க்) நெட்டையர்களான சென்டர்களுக்கு மட்டும் வாய்க்கும் எண் அது. கர்ரியோ 25, 28 அடி தூரத்திலிருந்து அதைச் செய்துகொண்டிருந்தார்.

விதிகள் யாருக்குச் சாதகம்?

கோட்டைத் தவிர வேறு மூன்று விதிகள் இந்த ஒப்பீட்டில் கட்டாயம் வந்தாக வேண்டும். இரு தரப்பு ரசிகர்களும் தங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துப் பேசுவார்கள்.

1. கை வைத்துத் தடுப்பது. பந்தோடு வருபவரின் இடுப்பிலோ மார்பிலோ கையை ஊன்றி, அவர் போகும் திசையை மாற்றிவிடுவது ஒரு காலத்தில் சாதாரணம். பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, 2004-05ல்தான் இதைக் கறாராக ஃபவுல் ஆக்கினார்கள். சின்ன உடம்புக்காரரான கர்ரிக்கு இது பெரிய உதவி. 6 அடி 9 அங்குல மேஜிக்கை எதிராளியின் கை அவ்வளவாகத் தடுத்திருக்காது.

2. மண்டலத் தடுப்பு, அதாவது ஆளைத் தொடராமல் இடத்தைக் காப்பது. 2001 வரை ஒவ்வொரு தடுப்பாளரும் தன் ஆளோடுதான் நிற்க வேண்டும். ஆளை விட்டுவிட்டு நடுவில் மிதந்துகொண்டிருந்தால் விதிமீறல். பந்து வைத்திருப்பவரை இரண்டு பேர் சேர்ந்து மடக்கலாம். ஆனால் மடக்குவதென்றால் முழுசாகப் போக வேண்டும், பாதி வழியில் நின்று பயம் காட்ட முடியாது. இது மேஜிக்குக் கொண்டாட்டம். இரண்டாவது ஆள் கிளம்பி வருவது அவருக்கு மேலிருந்தே தெரிந்துவிடும். அவர் வந்து சேர்வதற்குள் பந்து போய்விடும். 2001-02ல் இந்த விதி போனது. கர்ரி பார்த்த தடுப்பு அமைப்புகளில் பல, மேஜிக் காலத்தில் சட்டவிரோதம்.

3. முதுகு காட்டித் தட்டுவது. மேஜிக் அடிக்கடி செய்தது இது: தன்னைக் காக்கும் குட்டை கார்டுக்கு முதுகைக் காட்டி, பந்தைத் தட்டியபடியே ஒவ்வொரு அடியாகக் கூடையை நோக்கி அவரைத் தள்ளிக்கொண்டு போவார். அவசரமே கிடையாது. ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் (ஃபவுலுக்கு ஈடாகத் தடையில்லாமல் எறிய நிற்கும் இடம்) கீழே இப்படி ஐந்து விநாடிக்கு மேல் தட்டக்கூடாது என்ற விதி 1999-2000ல்தான் வந்தது.

ஆக முதலாவது கர்ரிக்கு உதவியது, மற்ற இரண்டும் மேஜிக்குக் கிடைத்த சலுகை. அந்தக் காலம் கஷ்டம், இந்தக் காலம் சுலபம் என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் முதல் விதியை மட்டும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டு பேரை இழுப்பது

இனி விஷயத்துக்கு வருவோம். கூடைப்பந்துத் தாக்குதலின் சூட்சுமம் ஒன்றே ஒன்றுதான். எதிரணியின் இரண்டு பேரை ஒருவர் தன் பக்கம் இழுத்துவிட்டால், மீதி இடத்தில் நாம் நால்வர், அவர்கள் மூவர். எங்கோ ஒருவர் சும்மா நிற்பார். பெரிய பாயின்ட் கார்டு என்பவர் இந்த நான்குக்கு மூன்றை ஆட்டம் முழுக்க உருவாக்கிக்கொண்டே இருப்பவர். மேஜிக்கும் கர்ரியும் செய்தது அடிப்படையில் இதே வேலைதான். செய்த விதம்தான் தலைகீழ்.

மேஜிக் செய்த விதத்தைப் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். எதிரணியின் ஷாட் தவறுகிறது. வழக்கமாக சென்டர் ரீபவுண்டைப் பிடித்து, திரும்பி, ஓரத்தில் நிற்கும் கார்டைத் தேடி ஒரு பாஸ் கொடுப்பார். அதற்குள் எதிரணி திரும்பி ஓடிச் சேர்ந்துவிடும். மேஜிக் ரீபவுண்டைத் தானே பிடிப்பார், பிடித்த கையோடு தட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இடையில் ஒரு பாஸ் மிச்சம். ஒரு ஓரத்தில் ஜேம்ஸ் வொர்தி, மறு ஓரத்தில் பைரன் ஸ்காட், நடுவில் பந்தோடு மேஜிக். பின்னால் ஓடிவந்து நிற்கும் தடுப்பாளர் ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: பந்தை மறிப்பதா, ஓரத்தில் பாய்பவரை மறிப்பதா? மேஜிக் ஸ்காட் பக்கம் முகத்தைத் திருப்புவார். தடுப்பாளர் அரை அடி அந்தப் பக்கம் சாய்வார். பந்து வொர்தியிடம் போயிருக்கும். பார்க்காமல் கொடுக்கும் அந்தப் பாஸைப் பலர் வெறும் வித்தை என்று நினைக்கிறார்கள். அது வித்தையில்லை, தடுப்பாளரை அரை அடி நகர்த்தத் தன் கண்ணைப் பயன்படுத்துவது. பேட் ரைலி பயிற்சியாளராக இருந்த லேக்கர்ஸுக்கு 'ஷோடைம்' என்று பேர் வந்தது இந்த ஓட்டத்தால்தான்.

கர்ரி செய்யும் விதம் வேறு. அவர் பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டியதும் டிரேமண்ட் கிரீன் மேலே ஏறி வந்து ஸ்கிரீன் போடுகிறார். கர்ரியைத் துரத்தியவர் அதில் மாட்டுகிறார். வேறு கார்டாக இருந்தால், கிரீனைக் காக்கும் ஆள் பின்வாங்கிக் கூடையருகே நின்றுகொண்டு, எறிந்துகொள் என்று விட்டுவிடுவார். கர்ரியிடம் அது நடக்காது. 2016 பிப்ரவரி 27 அன்று ஓக்லஹோமா சிட்டியில், கூடுதல் நேரத்தின் கடைசி விநாடியில், கோட்டுக்கு வெகு பின்னால் 37 அடிக்குப் பக்கத்திலிருந்து எறிந்து ஆட்டத்தை ஜெயித்தவர் அவர். ஆகவே கிரீனின் ஆளும் மேலே ஏறி வந்து கர்ரி மேல் விழுகிறார். இரண்டு பேர் வந்துவிட்டார்கள். கர்ரி பந்தைச் சட்டென்று கிரீனிடம் தள்ளிவிடுகிறார். கிரீன் முன்னால் இப்போது நான்குக்கு மூன்று, கூடைக்கு இன்னும் 15 அடிதான். அவர் மூலையில் நிற்பவருக்குக் கொடுக்கிறார், ஷாட் விழுகிறது.

அசிஸ்ட் கிரீனுக்கு. கர்ரி கணக்கில் ஒன்றுமில்லை.

2015-16ல் வாரியர்ஸ் அணியில் அதிக அசிஸ்ட் கொடுத்தவர் கர்ரி அல்ல, 7.4 சராசரியோடு கிரீன்தான். கர்ரிக்கு 6.7. ஒரு வாக்குக்கூடச் சிதறாமல் சிறந்த வீரர் விருது வாங்கிய பாயின்ட் கார்டு, தன் அணியிலேயே அசிஸ்டில் இரண்டாவது இடம்!

பந்தே இல்லாமல் அவர் செய்வதுதான் இதைவிட வேடிக்கை. பந்தைக் கொடுத்துவிட்டு அவர் நிற்பதில்லை. ஒரு ஸ்கிரீனைச் சுற்றி, இன்னொன்றில் நுழைந்து, மூலை வரை ஓடுகிறார். காவல் காப்பவரும், பயத்தில் கூடவே இன்னொருவரும் பின்னால் போகிறார்கள். அவர்கள் விட்டுவிட்டுப் போன ஆள் கூடைக்குக் கீழே தனியாகப் பந்தை வாங்கிப் போட்டுவிடுகிறார். கர்ரி பந்தைத் தொடவே இல்லை. அமெரிக்க விமர்சகர்கள் இதை 'கிராவிட்டி' என்கிறார்கள், அதாவது ஈர்ப்பு. 2019 இறுதிச்சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் வாரியர்ஸின் கிளே தாம்சன் காயத்தால் வெளியேறியதும் டொராண்டோ ராப்டர்ஸ் செய்ததைப் பாருங்கள்: நான்கு பேர் சதுரமாக நின்று இடத்தைக் காக்க, ஐந்தாமவருக்குக் கர்ரியை மட்டும் நிழலாகத் தொடரும் வேலை. பள்ளிக்கூட ஆட்டங்களில், ஒரே ஒரு கெட்டிக்காரப் பையன் இருக்கும் அணிக்கு எதிராகப் போடும் ஏற்பாடு அது. அதை என்.பி.ஏ. இறுதிச்சுற்றில் போட்டார்கள். மேஜிக் காலத்தில் இதைப் போட்டிருந்தால் நடுவர் விசில் ஊதியிருப்பார்.

எண்களில் எது நிற்கும், எது நிற்காது

இருவரின் உச்ச சீசன்களாக 1986-87ஐயும் 2015-16ஐயும் எடுத்துக்கொள்ளலாம். மேஜிக்: 23.9 புள்ளி, 12.2 அசிஸ்ட், 6.3 ரீபவுண்ட், லேக்கர்ஸ் 65 வெற்றி, 17 தோல்வி, கோப்பை. கர்ரி: 30.1 புள்ளி, 6.7 அசிஸ்ட், 5.4 ரீபவுண்ட், வாரியர்ஸ் 73 வெற்றி, 9 தோல்வி, ஆனால் இறுதிச்சுற்றில் 3-1 என்று முன்னிலையில் இருந்துவிட்டு க்ளீவ்லாண்டிடம் தோல்வி.

வேகம் பற்றிய வாதத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1980களில் ஆட்டம் வேகமாக நடந்தது, பந்து அதிக முறை கைமாறியது, அதனால் மேஜிக்கின் எண்கள் ஊதிப்போனவை என்பார்கள். பொதுவாக இது நியாயமான எச்சரிக்கைதான். ஆனால் இந்த இரண்டு அணிகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 48 நிமிடத்தில் அந்த லேக்கர்ஸுக்குப் பந்து கிடைத்தது சுமார் 102 முறை, அந்த வாரியர்ஸுக்குச் சுமார் 99. தன் காலத்தின் மிக வேகமான அணிகளில் ஒன்று வாரியர்ஸ். சரிக்கட்டிப் பார்த்தாலும் மேஜிக்கின் 12.2 அசிஸ்ட் 12க்குக் கீழே கொஞ்சம்தான் இறங்கும்.

அடுத்தது, புள்ளி எடுக்கும் திறன். இதற்கு ட்ரூ ஷூட்டிங் என்று ஓர் அளவு உண்டு. இரண்டு, மூன்று, ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் சேர்த்து, ஒருவர் தனக்குக் கிடைத்த வாய்ப்புகளை எவ்வளவு புள்ளியாக்கினார் என்று சதவீதத்தில் சொல்லும். கர்ரியின் 2015-16க்கு 66.9, மேஜிக்கின் 1986-87க்கு 60.2. இரண்டு சீசனிலும் என்.பி.ஏ.யின் பொதுச் சராசரி கிட்டத்தட்ட ஒன்றுதான், 54ஐ ஒட்டி. அதாவது மூன்று புள்ளி ஷாட்டை அதிகம் தொடாமலேயே மேஜிக் சராசரியைவிட ஆறு புள்ளி மேலே. கர்ரி கிட்டத்தட்ட பதின்மூன்று மேலே. வாழ்நாள் கணக்கில் இந்த இடைவெளி வெகுவாகச் சுருங்குகிறது: மேஜிக்குக் 61, கர்ரிக்கு 62க்குச் சற்று மேல். மேஜிக்குக் ஷாட் வராது என்ற பேச்சை இந்த எண்ணோடு வைத்துப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

டர்னோவர் மேஜிக்குக் 3.8, கர்ரிக்கு 3.3. பந்து மேஜிக் கையில் இருந்த நேரத்தையும் அவர் கொடுத்த பாஸ்களையும் பார்த்தால் இது பெரிய வித்தியாசமில்லை.

இனி எண்கள் எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

முதலாவது, எதை அளந்தார்கள் என்பது. மேஜிக் காலத்துக் குறிப்பேட்டில் புள்ளி, அசிஸ்ட், ரீபவுண்ட், ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), டர்னோவர் போன்ற அடிப்படை எண்கள்தான். ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எப்படி ஆடுகிறது, வெளியே உட்கார்ந்தால் எப்படி ஆடுகிறது என்று கணக்கிடத் தேவையான ஒவ்வொரு நகர்வின் பதிவு 1996-97லிருந்துதான் முறையாகக் கிடைக்கிறது. வீரர்களின் ஓட்டத்தை அளக்கும் கேமராக்கள் எல்லா அரங்குகளுக்கும் வந்தது 2013-14ல். கர்ரியின் ஈர்ப்பை அளக்கக் கருவி இருக்கிறது. மேஜிக் ஓரக்கண்ணால் நகர்த்திய அரை அடியை அளக்க எதுவும் இல்லை. கர்ரியின் பங்களிப்பை அசிஸ்ட் காட்டுவதில்லை என்று சொல்பவர்கள், புதிய அளவுகளில் மேஜிக் இடம்பெறவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சராசரியில் இருக்கும் ஒரு சூழ்ச்சி. மேஜிக் 32 வயதில் நிறுத்திவிட்டார். 1996ல் வந்து ஆடிய 32 ஆட்டங்களைத் தவிர, வயதாகித் தளர்ந்த ஆட்டங்கள் அவர் சராசரியில் கிடையாது. கர்ரியின் சராசரியில் 30 வயதுக்குப் பிந்தைய எத்தனையோ சீசன்கள் இருக்கின்றன. மொத்த எண்ணிக்கையை எடுத்தாலோ நேர் எதிர்: மேஜிக் ஆடியது 906 ஆட்டம்தான், நோய் அவரிடமிருந்து எத்தனை ஆண்டுகளைப் பறித்தது என்று அதில் தெரியாது. சராசரி மேஜிக்கைக் கொஞ்சம் தூக்கிக் காட்டும், மொத்தம் அவரைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டும்.

மூன்றாவது, மூன்று புள்ளி எண்ணிக்கையை நேருக்கு நேர் வைப்பது. கவாஸ்கரின் ஸ்ட்ரைக் ரேட்டை எடுத்து ஒரு டி20 ஆட்டக்காரருடையதோடு ஒப்பிடுவது எவ்வளவு அர்த்தமோ, இதுவும் அவ்வளவுதான்.

கோப்பைகள், கூட்டாளிகள், அதிர்ஷ்டம்

மேஜிக் ரசிகர்களின் பெரிய ஆயுதம் கோப்பைக் கணக்கு. 12 சீசனில் ஒன்பது இறுதிச்சுற்று என்பது லேசுப்பட்டதில்லை. 1980 இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் வரவில்லை. 20 வயது மேஜிக், முதல் சீசனிலேயே, சென்டர் இடத்தில் இறங்கி ஃபிலடெல்ஃபியாவுக்கு எதிராக 42 புள்ளி, 15 ரீபவுண்ட், 7 அசிஸ்ட் எடுத்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்.

ஆனால் கோப்பையில் எவ்வளவு தனிமனிதர், எவ்வளவு சூழல்? லேக்கர்ஸ் பக்கம் பாருங்கள். மேஜிக் வரும்போதே அணியில் கரீம் இருந்தார். ஆறு முறை சிறந்த வீரர் விருது வாங்கியவர். மேஜிக்கையே லேக்கர்ஸ் எடுக்க முடிந்தது, பழைய ஒப்பந்தம் ஒன்றால் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸின் தேர்வு உரிமை அவர்களிடம் வந்து சேர்ந்ததாலும், முதல் தேர்வு யாருக்கு என்று சிகாகோவோடு நாணயம் சுண்டியதில் ஜெயித்ததாலும்தான். 1982ல் நடப்புச் சாம்பியனாக இருந்தபடியே, க்ளீவ்லாண்டிடமிருந்து முன்பு வாங்கி வைத்திருந்த உரிமையால் முதல் ஆளாக வொர்தியையும் எடுத்தார்கள். லேக்கர்ஸ் ஆடிய மேற்குப் பகுதியில் எதிரணிகளும் அப்போது பலவீனம். 1987ல் இறுதிச்சுற்றுக்கு முன் லேக்கர்ஸ் வென்ற மூன்று அணிகளில் டென்வர் (37-45), சியாட்டில் (39-43) இரண்டும் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம்.

கர்ரி பக்கமும் அதிர்ஷ்டம் உண்டு. 2009ல் மினசோட்டா அணி கையில் ஐந்தாவது, ஆறாவது தேர்வுகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டிலும் பாயின்ட் கார்டுகளைத்தான் எடுத்தது: ரிக்கி ரூபியோ, ஜானி ஃபிளின். கர்ரியை விட்டுவிட்டது! ஏழாவதாக வாரியர்ஸ் எடுத்துக்கொண்டது. கணுக்கால் காயங்களால் 2012ல் கர்ரி குறைந்த தொகைக்கு, நான்கு ஆண்டுக்கு 44 மில்லியன் டாலருக்கு, ஒப்பந்தம் போட்டார். அந்த மலிவும், தொலைக்காட்சிப் பணத்தால் 2016ல் அணிகளின் சம்பள வரம்பு ஒரேயடியாக உயர்ந்ததும் சேர்ந்துதான், 73 ஆட்டம் ஜெயித்த அணியில் கெவின் டுராண்டையும் சேர்க்க வழிசெய்தன. 2017, 2018 இறுதிச்சுற்று விருதுகள் டுராண்டுக்கே போயின.

இதனால்தான் ஐந்து பெரிதா, நான்கு பெரிதா என்ற கணக்கு எனக்கு அவ்வளவாகப் படவில்லை. 1980ஐயும் 2022ஐயும் தனியாக எடுத்துக்கொள்ளலாம்: கரீம் இல்லாத ஓர் இரவில் மேஜிக் தூக்கியது, டுராண்ட் போன பிறகு 34 வயதில் கர்ரி தூக்கியது. இருவரும் தனியாக எதைத் தாங்குவார்கள் என்பதற்கு மற்ற கோப்பைகளைவிட இவை நல்ல சாட்சி.

தடுப்பாட்டம்

இதில் இருவரும் பெரிய ஆள் கிடையாது. மேஜிக் 1981லும் 1982லும் ஸ்டீல் சராசரியில் முதலிடம். ஆனால் வேகமான சின்ன கார்டுகளைத் துரத்த அவரால் முடியாது, அந்த வேலையை மைக்கேல் கூப்பர் பார்த்துக்கொண்டார். கர்ரியும் ஸ்டீலில் கெட்டி. ஆனால் 2016 இறுதிச்சுற்றில் க்ளீவ்லாண்ட் அவரைத் தேடிப் பிடித்து, ஸ்கிரீன் போட்டு, அவர் முன்னால் தங்கள் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியது. ஏழாவது ஆட்டத்தில் கைரி இர்விங் போட்ட வெற்றி ஷாட் கர்ரியின் கைக்கு மேலேதான் போனது. உயரத்தால் மேஜிக்குக்குச் சற்றே சாதகம். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இடம் மாற்றி வைத்தால்?

மேஜிக் இன்று ஆடினால், கர்ரி 1985ல் ஆடினால் என்ன ஆகும் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. கற்பனைதான், ஆனால் சில தடயங்கள் உண்டு.

மேஜிக் இன்று வந்தால் தூரத்து ஷாட் இல்லாமல் திணறுவார் என்கிறார்கள். 1989-90 சீசனைப் பார்க்கலாம். முதல் சீசனில் 31 முயற்சியில் 7 போட்டவர், 30 வயதில், 276 முயற்சியில் 106 போட்டார்: 38.4 சதவீதம். யாரும் கட்டாயப்படுத்தாத காலத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவர், கட்டாயம் இருக்கும் காலத்தில் கற்காமல் இருந்திருப்பாரா? உயரமான ஒருவர் பந்தை வைத்துக்கொண்டு தாக்குதல் முழுவதையும் நடத்துவது இன்று லூக்கா டான்சிச், நிகோலா யோகிச் போன்றவர்களால் வழக்கமாகவே ஆகிவிட்டது. மேஜிக்குக்குச் சிக்கல் வருவது வேறு இடத்தில்: நடுவில் மிதக்கும் தடுப்பாளர்கள் அவருடைய நிதானமான முதுகுத் தள்ளலைப் பாதி வழியில் நிறுத்துவார்கள், ஐந்து விநாடி விதி மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

கர்ரி 1985க்குப் போனால் கைகளுக்குள் நசுங்கிவிடுவார் என்பது அடுத்த தரப்பு. அதற்கு மார்க் பிரைஸ் பதில். க்ளீவ்லாண்டுக்கு ஆடிய 6 அடி கார்டு, கை வைத்துத் தடுப்பது நடந்த அதே காலத்தவர், வாழ்நாள் மூன்று புள்ளி 40 சதவீதம், ஃப்ரீ த்ரோ 90 சதவீதம். 1993ல் என்.பி.ஏ.யின் முதல் ஐவரில் ஒருவராகத் தேர்வானார். கர்ரியைவிடக் குட்டை, அவர் அளவுக்கு எறியவும் வராது, ஆனாலும் நசுங்கிவிடவில்லை. கர்ரியைத் தடுத்திருக்கக்கூடியது எதிராளியின் கை அல்ல, சொந்தப் பயிற்சியாளர். 28 அடியிலிருந்து, ஷாட் கடிகாரத்தில் இன்னும் 18 விநாடி இருக்கும்போது எறிந்த கார்டை 1985ல் எந்தப் பயிற்சியாளர் அடுத்த நிமிடமே பெஞ்சில் உட்கார வைக்காமல் இருந்திருப்பார்? அந்தத் தடை ஒன்று இரண்டு சீசன் நீடித்திருக்கும். அது தளர்ந்தாலும், 402 என்ற எண்ணைத் தொட விட்டிருக்க மாட்டார்கள்.

என்னைக் கேட்டால், பதவியின் பழைய பொருளில், அதாவது பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நால்வரை நடத்துவதில், மேஜிக்கை இன்னும் யாரும் தாண்டவில்லை. அந்தப் பட்டம் அவருடையதே. ஆனால் அவரைச் சுற்றி அணி கட்டுவதென்றால் பந்து அவர் கையில் இருந்தாக வேண்டும், இரண்டு பக்கமும் ஓடுவதற்கு ஆள் வேண்டும். கர்ரிக்கு அந்த நிபந்தனை இல்லை. கிரீன் போன்ற ஷாட் வராத ஆளும், டுராண்ட் போன்ற பந்து கேட்கும் ஆளும் அவர் பக்கத்தில் முன்பைவிட நன்றாக ஆடினார்கள். இரண்டு பேரை இழுத்துவிட்டுப் பந்தைக் கொடுத்துவிடுபவர் யாரோடும் ஒத்துப்போவார். கூட்டாளிகள் யார் என்று முன்கூட்டித் தெரியாமல் ஒருவரை மட்டும் முதலில் எடுக்கச் சொன்னால் நான் கர்ரியை எடுப்பேன். நால்வரையும் எனக்குப் பிடித்தபடி பொறுக்க விட்டால் மேஜிக்கை.